வகுப்பறையை எழுதி வைப்போம்: ஆசிரியருக்கு ஒரு வலைப்பதிவு

குறுவள மையப் பயிற்சி ஒன்றில் பரப்பளவுப் பாடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஆறாம் வகுப்பில் நான் செய்த செயல்பாட்டைச் சொன்னேன். நான் வசிக்கும் அயனம்பாக்கத்தின் ஏரி வரைபடத்தை அச்செடுத்து, அதன்மேல் கட்டங்கள் வரைந்தோம். முழுக் கட்டங்களையும், பாதிக்கு மேல் நிரம்பிய கட்டங்களையும் எண்ணி, ஏரியின் பரப்பை மாணவர்களே தோராயமாகக் கண்டுபிடித்தார்கள். பாடநூலில் உள்ள ஒழுங்கற்ற வடிவத்தைவிட, தெரிந்த ஏரி அவர்களை அதிக நேரம் உட்கார வைத்தது.

“அந்தத் தாளைக் கொஞ்சம் அனுப்புங்களேன் டீச்சர்” என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர் கேட்டார். கைப்பேசியில் தேடினேன். படங்கள் பழைய கைப்பேசியோடு போய்விட்டன. வாட்ஸ்அப் குழுவில் போட்டது நூற்றுக்கணக்கான காலை வணக்கங்களுக்கு அடியில் எங்கோ கிடந்தது. எந்தக் கட்ட அளவில் மாணவர்கள் தடுமாறினார்கள் என்பதும் எனக்கு மறந்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு வலைப்பதிவைத் தொடங்கினேன். அதில் நான் கற்றதையும் செய்த ஒரு தவறையும் இங்கே பகிர்கிறேன்.

நமக்கு முன்னே சென்றவர்கள்

வலைப்பதிவு புதிய பொருள் அல்ல. பிளாக்கர் சேவை 1999இல் வந்தது. 2003இல் கூகுள் அதை வாங்கியது. அதே 2003இல் வேர்ட்பிரஸ் வெளியானது. தமிழ் வலைப்பதிவுகளும் தொடங்கின. அவற்றை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய ‘தமிழ்மணம்’ திரட்டியைக் காசி ஆறுமுகம் 2004இல் உருவாக்கினார்.

இதில் ஆசிரியர்களின் பங்கு பெரியது. தமிழாசிரியராகப் பணியாற்றிய நா. முத்துநிலவன் ‘வளரும் கவிதை’ என்ற வலைப்பதிவை எழுதினார். அவரும் புதுக்கோட்டை நண்பர்களும் கணினித் தமிழ்ச் சங்கம் வழியாகப் பயிற்சிகள் நடத்தி, பல ஆசிரியர்களை எழுத வைத்தார்கள். 2015 அக்டோபர் 11 அன்று புதுக்கோட்டையில் வலைப்பதிவர் திருவிழாவே நடந்தது. அதையொட்டித் தமிழ் இணையக் கல்விக்கழகத்துடன் இணைந்து எழுத்துப் போட்டிகளும் நடத்தப்பட்டன. தஞ்சைக் கரந்தையில் கணித ஆசிரியராக இருந்த ஜெயக்குமார், கணித மேதை இராமானுஜன் பற்றியும் தம் பகுதி மனிதர்கள் பற்றியும் தொடர்ந்து எழுதினார். இவர்கள் கணினி வல்லுநர்கள் அல்லர். நம்மைப் போல் சுண்ணக்கட்டி பிடித்தவர்கள்.

தொடங்கும் முன் மூன்று முடிவுகள்

முதலாவது, யாருக்காக எழுதுகிறோம்? சக ஆசிரியருக்கா, மாணவருக்கா, பெற்றோருக்கா? மூவருக்கும் ஒரே பதிவில் எழுதினால் யாருக்கும் பயன்படாது. நான் ‘ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு நடத்தும் ஆசிரியர்’ என்று வரையறுத்துக்கொண்டேன்.

இரண்டாவது, எதை எழுத மாட்டோம்? சுற்றறிக்கைகள், வினாத்தாள்கள், பணப்பலன் செய்திகள் ஆகியவற்றை வெளியிடப் பல தளங்கள் இருக்கின்றன. அவற்றை வெட்டி ஒட்டுவதால் நம் பதிவுக்குத் தனி முகம் வராது. நம் வகுப்பில் நடந்தது மட்டுமே நம்மிடம் உள்ள, வேறெங்கும் கிடைக்காத சரக்கு.

மூன்றாவது, என்ன பெயர்? சொல்லவும் தட்டச்சு செய்யவும் எளிதான பெயராக இருக்கட்டும். பள்ளியின் பெயரை வைக்க வேண்டாம். நாம் மாறுதலில் போகலாம். மேலும், தனிப்பட்ட பதிவு பள்ளியின் அதிகாரப்பூர்வத் தளம் என்று தவறாக எண்ணப்படக் கூடாது.

அமைக்கும் முறை

ஜிமெயில் கணக்கு இருந்தால் பிளாக்கரில் கட்டணமின்றித் தொடங்கலாம். உள்நுழைந்து தலைப்பைக் கொடுத்து, ஆங்கில எழுத்தில் ஒரு முகவரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முகவரியைப் பின்னால் மாற்றினால், பிறர் சேமித்து வைத்த பழைய இணைப்புகள் வேலை செய்யாது. எனவே நிதானமாக முடிவு செய்யுங்கள். பின்னணி வெள்ளையாகவும் எழுத்து பெரிதாகவும் உள்ள வார்ப்புரு போதும். படிப்பவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் படிப்பார்கள். முதல் பதிவைப் போட்டதும் கைப்பேசியில் திறந்து பாருங்கள்.

தமிழை யூனிகோடில் மட்டுமே தட்டச்சு செய்யுங்கள். தமிழக அரசு 2010இல் ஏற்றுக்கொண்ட தரம் அது. பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாளை அப்படியே ஒட்டினால் எழுத்துகள் சிதறும், தேடுபொறியிலும் கிடைக்காது. தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டால் வேகம் வரும். அதுவரை கைப்பேசியில் பேசித் தட்டச்சு செய்து, பிறகு பிழை திருத்தலாம்.

ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு மூன்று லேபிள்கள் கொடுங்கள்: வகுப்பு, பாடம், அலகு. ஐம்பது பதிவுகள் சேர்ந்த பிறகு ‘ஆறாம் வகுப்பு – பரப்பளவு’ என்று தேடி வருபவருக்கு அதுதான் வழிகாட்டி.

என்ன எழுதுவது?

“எழுத நேரமில்லை” என்பது உண்மை. எமிஸ் பதிவுகள், திருத்த வேண்டிய ஏடுகள் எல்லாம் முடித்த பிறகுதான் நமக்கு நேரம். ஆகவே ஐந்து கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

1. எந்தக் கற்றல் விளைவுக்காகச் செய்தேன்?
2. என்ன பொருள்கள் தேவைப்பட்டன, எவ்வளவு நேரம் ஆயிற்று?
3. மாணவர்கள் என்ன செய்தார்கள், என்ன கேட்டார்கள்?
4. எங்கே தடுமாறினார்கள்?
5. மறுமுறை நடத்தினால் எதை மாற்றுவேன்?

முந்நூறு சொற்கள் போதும். பாடக்குறிப்பில் முதல் இரண்டு விடைகள் ஏற்கெனவே இருக்கும். மற்ற மூன்றையும் வகுப்பு முடிந்த அன்றே இரண்டு வரியில் குறித்து வைத்தால், சனிக்கிழமை அரை மணி நேரத்தில் பதிவு தயார்.

நான்காம் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’ நம்மில் பலர் படித்த நூல். அதில் வரும் ஆசிரியரின் முதல் நாள் முயற்சியே தோல்விதான். அமைதி விளையாட்டு என்று தொடங்கியவருக்கு வகுப்பில் கூச்சல்தான் மிஞ்சியது. அந்தத் தோல்வியை மறைக்காமல் சொன்னதால்தான் அடுத்து வரும் வெற்றிகளை நாம் நம்புகிறோம். நம் பதிவும் அப்படித்தான். என் ஏரிச் செயல்பாட்டில் ஒரு குழு கரையோரக் கட்டங்கள் எல்லாவற்றையும் முழுதாக எண்ணிவிட்டது. விடை மிகப் பெரிதாக வந்தது. இப்போது மீண்டும் நடத்தியபோது அதையும் எழுதினேன். பின்னூட்டம் இட்ட ஆசிரியர் ஒருவர், கரையோரக் கட்டங்களுக்கு மட்டும் வேறு நிறம் தீட்டச் சொல்லலாம் என்றார். செய்து பார்த்தேன், குழப்பம் தீர்ந்தது.

நான் செய்த தவறு

தொடங்கிய மூன்றாம் மாதம், மனக்கணக்கில் சிறந்த ஒரு மாணவனைப் பாராட்டி எழுதினேன். அதிகாலையில் எழுந்து தாயின் இட்லிக் கடையில் சில்லறை கணக்குப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறான் என்று எழுதினேன். பெயர் போடவில்லை. ஆனால் வகுப்பையும் கடை இருக்கும் இடத்தையும் குறிப்பிட்டிருந்தேன். பதிவு குழுக்களில் பரவியது. எனக்கு மகிழ்ச்சி.

நான்கு நாள் கழித்து அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். “நீங்க நல்லதாத்தான் எழுதியிருக்கீங்க டீச்சர். ஆனா, புள்ளைய வேலைக்கு வெச்சிருக்கியான்னு கடைக்கு வர்றவங்க கேக்கறாங்க. எங்க கஷ்டம் எங்களோடயே இருக்கட்டுமே” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. அன்றே பதிவை நீக்கினேன். பகிர்ந்தவர்களிடம் சொல்லி அழிக்கச் சொன்னேன். எல்லாரிடமிருந்தும் அழிந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பையன் சில வாரங்கள் வகுப்பில் கை உயர்த்தவே இல்லை.

பெயரை மறைத்தால் போதும் என்று நினைத்தேன். ஊர், வகுப்பு, தொழில் மூன்றும் சேர்ந்தாலே பெயர் சொன்னது போல்தான். அதன்பின் நான் கடைப்பிடிப்பவை இவை:

• மாணவரின் முகம், பெயர், குடும்ப நிலை, சாதி, நோய், மதிப்பெண் எதுவும் இடம்பெறாது.
• கைகள், கரும்பலகை, செய்த பொருள் ஆகியவற்றையே படம் எடுக்கிறேன். நோட்டின் அட்டைப் பெயர், சீருடைச் சின்னம் தெரிகிறதா என்று பார்க்கிறேன். கேமராவின் இருப்பிடப் பதிவை அணைத்து வைக்கிறேன்.
• மாணவரின் படைப்பை வெளியிட அவரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் ஒப்புதல் பெறுகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.
• எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து, ‘இதை அந்த மாணவரின் அம்மா முன் உரக்கப் படிக்க முடியுமா?’ என்று கேட்டுக்கொள்கிறேன்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், படம், பள்ளி, குடும்ப விவரம் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது.

நாம் அரசுப் பணியாளர்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளைப் படித்துவிடுங்கள். தலைமை ஆசிரியரிடம் தெரிவித்துவிட்டுத் தொடங்குங்கள். பிறர் உருவாக்கிய படம், பயிற்சித்தாள் ஆகியவற்றை எடுத்தால் அனுமதி பெற்று, உரியவர் பெயரைக் குறிப்பிடுங்கள். ‘இணையத்தில் கிடைத்தது’ என்பது பெயர் ஆகாது.

தொடர்ந்து நடத்த

வாரம் நான்கு பதிவு போட்டு, இரண்டு மாதத்தில் நின்றுபோன வலைப்பதிவுகள் ஏராளம். மாதம் இரண்டு போதும். ஆனால் நிறுத்த வேண்டாம். பின்னூட்டங்களை நாம் பார்த்த பிறகே வெளியாகும்படி அமைத்து வையுங்கள். ஆக்கப்பூர்வமான கேள்விக்கு இரண்டு நாளில் பதில் சொல்லுங்கள். வசைக்குப் பதில் வேண்டாம். பருவத்துக்கு ஒரு முறை அமைப்புகள் பகுதிக்குச் சென்று, பதிவுகள் முழுவதையும் காப்பு எடுத்துக் கணினியில் வையுங்கள். கடவுச்சொல்லோடு இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்குங்கள்.

பார்வையாளர் எண்ணிக்கையைத் தினமும் பார்க்காதீர்கள். எனது ஏரிப் பதிவைப் படித்தவர்கள் குறைவு. ஆனால் தாள் கேட்ட அந்த ஆசிரியருக்கு இணைப்பை அனுப்பினேன். அவர் தம் ஊர்க் குளத்தை வைத்து நடத்தினார்.

ஆசிரியர்களே, இந்த வாரம் நீங்கள் நடத்திய ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து கேள்விகளுக்கும் முதலில் ஒரு தாளில் விடை எழுதுங்கள். சக ஆசிரியர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். “இதை என் வகுப்பில் செய்து பார்க்கலாமே” என்று அவர் சொன்னால், உங்கள் முதல் பதிவு தயாராகிவிட்டது.