செல்லியின் பொருட்டு ஒரு கடிதம்

நன்னிலம்,
புரட்டாசி மாதம்.

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமா எழுதிய ஆசீர்வாதம்.

இவ்விடத்தில் பாட்டியும் மாமியும் நானும் க்ஷேமம். குறுவை அறுப்பு முடிந்து களம் ஒழிந்தது. சம்பா நடவுக்கு ஆள் கிடைப்பதுதான் வழக்கம்போல் பிரயாசையாக இருக்கிறது. நம் நாய் செல்லி மட்டும் க்ஷேமமாக இல்லை. நேற்றுத் தொலைபேசியில், ‘இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே மாமா’ என்று நீ சொன்னபோது நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். கேட்பவனுடைய குரல் தழுதழுத்தால் சொல்ல வந்த பதில் பாதியாகக் குறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். கடிதத்துக்கு அந்தப் பலவீனம் இல்லை. ஆதலால் சாவகாசமாக எழுதுகிறேன். நீயும் விடுதி அறையில் தனியாக இருக்கும் வேளையில் படி.

நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், செல்லி ஓயாமல் தண்ணீர் குடிக்கிறாள், இரவில் பலமுறை எழுந்து கொல்லைக் கதவைப் பிறாண்டுகிறாள், வைத்த சோற்றில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றும் விலா எலும்பு தெரிய இளைக்கிறாள் என்று நாம் வியந்துகொண்டிருந்தபோது, அவள் சிறுநீர் விட்ட இடத்தில் எறும்பு மொய்ப்பதை முதலில் பார்த்தவள் பாட்டிதான். ‘உன் தாத்தாவுக்கு வந்தது இதற்கும் வந்திருக்கிறது’ என்றாள். மதுமேகத்துக்கு நம் வைத்திய சாஸ்திரங்கள் சொன்ன பழைய அடையாளம் அது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்து உறுதிப்படுத்தியதும் அதையேதான். கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்குப் பருவம் வந்து போனபின் சுரக்கும் புரோஜெஸ்டிரான், இன்சுலினை வேலை செய்யவொட்டாமல் தடுப்பதால், நடுவயதுக்கு மேல் இந்நோய் அவற்றை அதிகமாகப் பற்றுகிறது என்று அவர் விளக்கினார். மனிதரில் பலருக்கு மாத்திரை போதும். நாய்க்கோ காலையும் மாலையும் ஊசி வேண்டும்.

நாய்க்கு இன்சுலினா என்று அந்நாளில் தெருவில் சிரித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சரித்திரம் தெரியாது. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் மிங்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்னும் இருவர், கணையத்தை நீக்கிய ஒரு நாயின் சிறுநீரில் சர்க்கரை நிறைந்திருக்கக் கண்டபிறகே, அந்த உறுப்புக்கும் நீரிழிவுக்கும் உள்ள சம்பந்தம் உலகத்துக்கு விளங்கிற்று. 1921-இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் செய்த சோதனைகளும் நாய்களின் மேலேயே நடந்தன. கணையம் எடுக்கப்பட்ட மார்ஜரி என்ற நாய், அவர்கள் பிரித்தெடுத்த சாற்றினால் ஏறக்குறைய 70 நாள் உயிரோடிருந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில், லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் அந்த மருந்தை ஏற்று மரணத்தின் வாயிலிலிருந்து மீண்டான். 1923-இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்லியோடுக்கும் போயிற்று. மார்ஜரிக்கு ஒன்றும் போகவில்லை. நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் செல்லிக்கென்று ஒரு குப்பி இருந்ததை, ஆகையால், நான் ஒருநாளும் தர்மக் கணக்கில் எழுதியதில்லை.

அந்த ஊசியைப் பாட்டி கற்றுக்கொண்டதை நீ மறந்திருக்கமாட்டாய். குப்பியில் 40 யூனிட் என்று போட்டிருந்தால் 40 யூனிட் சிரிஞ்சையே எடுக்கவேண்டும், 100 யூனிட் சிரிஞ்சை எடுத்தால் அளவு முழுவதும் பிறழ்ந்துவிடும். குப்பியைக் குலுக்காமல் இரு உள்ளங்கைகளுக்கிடையே உருட்டவேண்டும். முதலில் சாப்பாடு, பிறகே ஊசி. சாப்பாட்டைத் தொடாத நாளில் டாக்டரைக் கேளாமல் முழு அளவைப் போடலாகாது. கால் தள்ளாடி உடல் நடுங்கினால் சர்க்கரை தாழ்ந்துவிட்டதென்று அறிந்து, ஈறில் தேனைத் தடவிவிட்டு டாக்டரிடம் ஓடவேண்டும். இவ்வளவையும், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், மனப்பாடம் செய்துவிட்டாள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜாப் புயல் வேதாரண்யத்துப் பக்கம் கரையேறி, தென்னையும் மின்கம்பமும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து, நம் பக்கத்து ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தபோது, பெரிய மண்பானையில் ஈரமணலைப் பரப்பி, அதன் நடுவில் சிறு கலயத்தை இறக்கி, அதற்குள் இன்சுலின் குப்பியைத் துணியில் சுற்றி வைத்துக் காத்தவளும் அவளே. கூரை போனவர்கள் எல்லாம் தார்ப்பாய்க்கு அலைந்துகொண்டிருந்த நேரத்தில், இவள் பானைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கண் போயிற்று. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை கண்வில்லைக்குள் புகுந்து, அங்கே சார்பிட்டாலாக மாறி, நீரை இழுத்து வில்லையை வெளிறச் செய்கிறது. நீரிழிவு கண்ட நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புரை வருகிறது. கூடத்தில் நாற்காலியை இடம் மாற்றக்கூடாது, முற்றத்தில் குடத்தை வழியில் வைக்கக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் ஏற்பட்டது; விருந்தாளிகளும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். செல்லியும் ஒரு மாதத்துக்குள் வாசல், கூடம், கொட்டில், கொல்லை எல்லாவற்றையும் மூக்கினாலேயே அளந்துகொண்டாள்.

இங்கேதான் நான் உனக்குச் சொல்லவந்த விஷயம் இருக்கிறது. நெடுநாள் நோயில் கிடந்த பிராணியின் பிரிவு எளிது, மனம் முன்னமே பக்குவப்பட்டிருக்கும் என்று உலகத்தார் சொல்வார்கள். என் அநுபவத்தில் அது நேர்மாறு. திடீரென்று சாகும் நாய்க்காக நாம் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஊசியும் மாத்திரையும் பத்தியமும் கொடுத்துப் பழகிய கை, ஒவ்வொரு கஷ்டத்துக்கும் அடுத்த பரிகாரம் ஒன்று உண்டு என்றே பயின்றுவிடுகிறது. நிறுத்துவது என்ற வித்தையை அதற்கு ஒருவரும் கற்பிப்பதில்லை. அதைவிட நுட்பமான அபாயம் வேறொன்றும் உண்டு. நோய் படிப்படியாக இறங்கும்போது, நேற்றைய தாழ்வே இன்றைய சமநிலையாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது. ஓடியவள் நடந்தால் ‘நடக்கிறாளே’ என்றும், நடந்தவள் எழுந்து நின்றால் ‘நிற்கிறாளே’ என்றும், நின்றவள் படுத்துவிட்டால் ‘தலையையாவது தூக்குகிறாளே’ என்றும் திருப்தியடைந்துகொண்டே போகிறோம். ஒவ்வொரு படியிலும் அன்பு இருக்கிறது, சந்தேகமில்லை, கண் இல்லை. பார்வை இழந்தவள் செல்லி மட்டுமன்று.

இதற்கு மாற்று எழுதிவைப்பதே. ஆடி மாதம் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அவளை மன்னார்குடி வழியாகக் காரில் கொண்டுபோனபோது, சிறுநீரகங்களும் தளர்ந்துவிட்டன என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அன்றுமுதல் மாமி அடுக்களைக் காலண்டரில் குறித்துவருகிறாள்: செல்லி தானாகச் சாப்பிட்டு, தானாக எழுந்து வெளியே போய்வந்த நாளுக்கு மஞ்சள், வாந்தியெடுத்தோ சாப்பிடாமலோ கிடந்த இடத்திலேயே நனைந்தோ போன நாளுக்குக் கரி. அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் இதையே சாஸ்திரீயமாகச் செய்திருக்கிறார். வலி, பசி, நீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்ற ஏழுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பிட்டு, மொத்தம் 70-இல் 35-க்கு மேல் நின்றால் ஜீவிதம் சகிக்கத்தக்கது என்கிறார். எண்ணைக் கொண்டு உயிரை நிறுக்க எனக்கு முழுச் சம்மதமில்லை. ஆனாலும் எண்ணுக்கு ஒரு குணம் உண்டு, அது நம்மைத் தேற்றாது. ஆவணி முதல் பாதியில் மஞ்சளே அதிகம். இந்தப் புரட்டாசித் தாளில் மஞ்சளைத் தேடவேண்டியிருக்கிறது. ராகுகாலமும் எமகண்டமும் அச்சிட்ட அதே தாளில் மாமியின் கரிப்புள்ளிகளைப் பார்த்தால் உனக்கும் வேறு சாட்சி வேண்டியிராது.

செல்லியை ஊசி போட்டு வேதனையிலிருந்து விடுவிப்பதற்குப் பாட்டியைச் சம்மதிக்கச் செய்வது எளிதாக இல்லை. ஜீவனுடைய கர்மத்தை நடுவில் அறுத்தால், மிச்சத்தை அநுபவிக்க அது மறுபடியும் பிறந்தாக வேண்டும் என்பது அவள் வாதம். சபர்மதி ஆசிரமத்தில் 1928-இல் நடந்ததை நான் அவளுக்குச் சொன்னேன். ஒரு கன்று ஊனமுற்று, வேதனையில் கிடந்தது, வைத்தியர் கைவிட்டுவிட்டார், காந்தியடிகள் ஆசிரமத்தாரோடு கலந்து பேசி, மறுப்பவர்களுடைய பேச்சையும் கேட்டு, முடிவில் தாம் அருகே நிற்க ஒரு டாக்டரைக் கொண்டு விஷ ஊசி போடச் செய்தார், இரண்டு நிமிஷத்துக்குள் எல்லாம் அடங்கிற்று. அகிம்சையைப் போதித்தவரா இப்படிச் செய்தார் என்று கோபக் கடிதங்கள் குவிந்தபோது, அவர் தம் பத்திரிகையில் பகிரங்கமாகவே எழுதினார். தமக்கு அந்நிலை வந்தாலும் இதையே விரும்புவதாகக் கூறினார். அவருடைய துணிவைப் பலர் புகழ்ந்திருக்கிறார்கள். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, அவர் ஊசி போடச் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாமல் அங்கேயே நின்றதுதான்.

காந்தியின் பிரமாணம் பாட்டிக்குப் போதவில்லை. ஸ்ரீவாஞ்சியத்துக்கு அழைத்துப்போ என்றாள். அச்சுதமங்கலத்துக்கு அருகே உள்ள அந்தக் கோயிலில் எமனுக்குத் தனிச் சந்நிதி இருப்பதும், அவனை முதலில் வணங்கிவிட்டே வாஞ்சிநாதரைத் தரிசிப்பதும் நீ அறிந்ததே. உயிர்களைக் கவரும் உத்தியோகத்தினால் வந்த பழியையும் பாவத்தையும் தாங்கமாட்டாமல் எமன் அங்கே தவமிருந்தான் என்று ஸ்தல புராணம் சொல்கிறது. பாட்டி அந்தச் சந்நிதியில் வெகுநேரம் நின்றாள். திரும்பி வரும்போது, ‘அவனுக்கே அந்த வேலை பாரமாக இருந்திருக்கிறது, நமக்கு லேசாக இருக்குமா’ என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலையில், அஷ்டமி வேண்டாம், சனிக்கிழமை வேண்டாம், ஞாயிறு சாயங்காலம் என்று அவளே நாள் குறித்தாள்.

என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள். தெரியாதவனுக்கே பயம் அதிகம். டாக்டர் வீட்டுக்கே வருகிறார். முதலில் மயக்கத்துக்கான மருந்து. அதில் அவள் தூங்கிவிடுவாள். பிறகு முன்னங்காலின் இரத்தக் குழாய் வழியாகப் பார்பிட்யுரேட் வகை மருந்தை அளவுக்கு மேல் செலுத்துவார். முதலில் நினைவும், அடுத்து மூச்சும், அதன்பின் இருதயமும் நிற்கும். சில நிமிஷங்களே ஆகும். கண்கள் மூடாமல் திறந்தபடியே இருக்கலாம். எல்லாம் முடிந்தபின்னும் ஒன்றிரண்டு முறை மார்பு விம்முவதுபோல் அசையலாம், சிறுநீர் பிரியலாம். அவை தசைகளின் செயல், அவளுடைய வேதனையன்று. அந்நேரத்தில் அவள் தலை உன் மடியில் இருப்பதா பாட்டியின் மடியில் இருப்பதா என்பதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள், நான் குறுக்கிடமாட்டேன். பார்க்கச் சக்தியில்லை என்று தோன்றினால், முதல் ஊசிக்கு அவள் தூங்கும்வரையிலாவது இரு. கண் தெரியாதவளுக்கு உன் வாசனை தெரியும்.

ஒரு நாய்க்கா இவ்வளவு என்று உன் சிநேகிதர்களில் எவனாவது கேட்பான். தருமபுத்திரனுடைய நாயை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதைக் காட்டிலும் திருவண்ணாமலைச் சீமையில் எடத்தனூரில் இருக்கும் நடுகல் நெருக்கமானது. ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நட்டது. ஆநிரைப் பூசலில் இறந்த வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற அவனுடைய நாயையும் உருவமாகச் செதுக்கி, பெயரையும் பொறித்திருக்கிறார்கள். அந்நாளில் கல்லெழுத்து மலிவான சரக்கன்று. கேட்பவனிடம் இதைச் சொல், கேளாதவனிடம் வாதாடாதே.

அடக்கம் கொல்லையில்தான். வைக்கோல் போருக்குத் தெற்கே, கிணற்றுக்கு எட்டியுள்ள திடலில் இடம் பார்த்திருக்கிறேன். மருந்தின் விஷம் உடலிலேயே தங்கிவிடுவதால், நரியோ தெருநாயோ தோண்டித் தின்றால் அவையும் சாகும். ஆகையால் நாலடிக்குக் குறையாமல் வெட்டவேண்டும். ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால்கள் நிறைந்திருக்கும் காலம் இது. தாழ்ந்த இடத்தில் இரண்டடிக்கே ஊற்றெடுக்கிறது, திடலில் இன்னும் எடுக்கவில்லை. ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் அதுவும் போய்விடும். செம்மொழி எக்ஸ்பிரஸில் ஏறினால் சனிக்கிழமை காலையில் மன்னார்குடியில் இறங்கித் திருவாரூர் பஸ்ஸைப் பிடிக்கலாம். ஒரு பகலும் ஓர் இரவும் உனக்கு அவளோடு கிடைக்கும். கூடத்து நாற்காலியில் பையை மாட்டாதே, தரையில் வைக்காதே, நேரே மாடத்தில் வை. அவள் இன்னும் சில வேளை எழுந்து நடக்கிறாள். மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டாயிற்று. ஆள் வைக்கவேண்டாம் என்று பாட்டி சொல்லிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுமுன் நீயும் நானுமாகக் குழியை வெட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
மாமா