தாடை: வடிவும் வலிமையும்

நுழையும்முன்

'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்பது பழமொழி. நன்கு மெல்லுதல் செரிமானத்திற்கு உதவும் என்பது அதன் நேர்பொருள். மெல்லும் செயல், மெல்லுகின்ற எலும்பையும் காக்கிறது என்பது அறிவியல் உணர்த்தும் மற்றோர் உண்மை. கீழ்த்தாடையின் வடிவமும் அது ஆக்கப்பட்ட பொருளின் பண்பும் இணைந்து செயல்படும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

நெம்புகோலாகும் எலும்பு

செவியின் நுண்ணெலும்புகள் நீங்கலாக, மண்டையோட்டில் அசையும் ஒரே எலும்பு கீழ்த்தாடையே. காதின் முன்னுள்ள மூட்டைச் சுழல்புள்ளியாகக் கொண்டு அது நெம்புகோல்போல் இயங்குகிறது. மூட்டுக்கு முன்னே பற்றியுள்ள தசைகள் அதனை மேல்நோக்கி இழுக்கின்றன. கடிக்கும் பல் மூட்டுக்கு எவ்வளவு அருகில் உள்ளதோ, அவ்வளவு மிகுதியாக விசை கிட்டும். கொட்டைப்பாக்கை எவரும் முன்பல்லால் உடைப்பதில்லை; கடைவாய்க்கே தள்ளுகின்றனர். கற்பிக்காமலே கைவந்த இயற்பியல் அது.

வடிவம் தரும் வலிமை

வீடு கட்டுவோர் உத்தரத்தின் அகன்ற பக்கம் செங்குத்தாக நிற்குமாறு அதனை அமைப்பர். அகலம் மாறாத செவ்வகச் சட்டத்தின் உயரம் 2 மடங்கானால், வளைவை எதிர்க்கும் விறைப்பு 8 மடங்காகும். கீழ்த்தாடையும் பருமனைவிட உயரம் மிகுந்தே அமைந்துள்ளது. எலும்பை உடைத்துண்ணும் புள்ளிக் கழுதைப்புலியின் தாடையில் உயரமும் திண்மையும் மிகுந்து காணப்படுகின்றன.

ஒரு பக்கமாக மெல்லும்போது தாடை வளைவதோடு முறுக்கவும் படுகிறது. மனிதக் குழந்தை பிறக்கையில் இரு பாதிகளாக உள்ள தாடை, முதல் ஆண்டிலேயே முகவாயில் ஒன்றிணைகிறது. ஒரு பக்கத் தசையின் விசை மறுபக்கப் பற்களைச் சென்றடைய அவ்விணைப்பு துணைபுரிகிறது.

பொருள் தரும் வலிமை

எலும்பு ஒரு கலப்புப்பொருள். எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். எஞ்சியவை பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழைகளும் நீரும். கனிமம் விறைப்பைத் தருகிறது. இழைகள் நொறுங்காமல் காக்கின்றன. புறத்தே செறிந்த எலும்பும் அகத்தே பஞ்சுபோன்ற எலும்பும் அமைந்திருப்பதால், குறைந்த எடையில் நிறைந்த உறுதி கிட்டுகிறது.

பயன்பாடே பாதுகாப்பு

தாங்கும் சுமைக்கேற்ப எலும்பு தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப், 1892இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பல்லின் வேர் வழியாகவே கடிவிசை தாடையெலும்பை அடைகிறது. பல் விழுந்தபின், அதனைத் தாங்கிய எலும்பு முகடு தேயத் தொடங்குகிறது. பற்களை முற்றும் இழந்த முதியோரின் தாடை உயரம் குன்றுகிறது. உத்தரத்திற்குச் சொன்ன விதி இங்கு எதிர்த்திசையில் செயல்படுகிறது: உயரம் சிறிது குறையினும் உறுதி பெரிதும் குறைகிறது. மிகவும் தேய்ந்த தாடை, சிறு அடியிலும் முறியக்கூடும்.

ஈறின்மேல் அமரும் பல்செட்டு இத்தேய்வைத் தடுப்பதில்லை. எலும்பினுள் பதிக்கப்படும் டைட்டானியம் வேரோ, கடிவிசையை எலும்புக்குள் செலுத்தித் தேய்வை மட்டுப்படுத்துகிறது. சுவீடன் அறிஞர் பெர்-இங்வார் பிரனேமார்க் 1965இல் இம்முறையை முதன்முதலாக மனிதருக்குப் பயன்படுத்தினார்.

வடிவம் சுமையைப் பகிர்கிறது. பொருள் அதனைத் தாங்குகிறது. பயன்பாடு இரண்டையும் நிலைநிறுத்துகிறது. ஆதலின் பல்லைப் பேணுதல் தாடையைப் பேணுதலுமாகும்.

தெரிந்து தெளிவோம்

மான்கொம்பு, பசுவின் தொடையெலும்பு, திமிங்கிலத்தின் செவியெலும்பு ஆகியவற்றை ஆங்கிலேய உயிரியலாளர் ஜான் கர்ரி 1979இல் ஒப்பிட்டார். கனிமம் குறைந்த மான்கொம்பு, மோதலில் எளிதில் உடைவதில்லை. கனிமம் மிகுந்த செவியெலும்பு மிக விறைப்பானது. எனினும் எளிதில் நொறுங்கும். ஒவ்வோர் எலும்பும் தன் பணிக்கேற்ற கலவையைப் பெற்றுள்ளது.