காவியும் சுண்ணாம்பும்

நிறம் பொருத்துவது என்றதும் பலரும் நிறச்சக்கரத்தைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். சிவப்புக்கு எதிரே பச்சை, நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, எதிரெதிர் நிறங்களைச் சேர்த்தால் எடுப்பு என்பது பாடம். வடிவமைப்பு வேலையில் நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. எந்த நிறம் என்று யோசிக்குமுன், அது எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்த்தி என்று பார்க்க வேண்டும். அந்த ஏற்ற இறக்கம் சரியாக அமைந்தால் சாதாரண நிறங்களும் நின்று பேசும். அது தவறினால் சக்கரம் காட்டிய ஜோடியும் காலை வாரிவிடும்.

குற்றாலத்துச் சித்திரசபையிலிருந்தே தொடங்கலாம். நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, நெல்லை தாமிரம், திருவாலங்காடு இரத்தினம். குற்றாலத்துக்கு வாய்த்தது ஓவியம். மின்விளக்குக்கு முந்தைய காலத்தில் மண்டபச் சுவர்களில் ஓவியம் எழுதியவர்களிடம் இருந்த நிறங்கள் கொஞ்சம்தான். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் காவி, மஞ்சள் மண், விளக்குக்கரி, சுண்ண வெள்ளை, கொஞ்சம் பச்சை. வேறு வழியில்லாததால் வந்த சிக்கனம் அது, அதைக் கொள்கையாக்கலாமா என்று கேட்கலாம். வழியில்லாமல் வந்தது உண்மைதான். ஆனால் கையில் நிறம் குறைந்ததால்தான் வெளிரையும் கருமையையும் வைத்து உருவத்தைப் பிரித்துக் காட்டும் பழக்கம் தமிழகத்துச் சுவரோவியத்தில் வேரூன்றியது. அடர்ந்த காவித் தளத்தின் மேல் வெளிர் உடல், அதைச் சுற்றிக் கருங்கோடு. கோயில் மதிலின் காவிப்பட்டையும் இதே கணக்குதான். இரண்டே நிறம், ஒன்று அடர்த்தி, ஒன்று வெளுப்பு. மழை இருட்டிலும் தூரத்திலிருந்தே அது கோயில் என்று தெரிந்துவிடுகிறது.

குற்றாலத்து அருவிக்கரையில் ஓர் எச்சரிக்கைப் பலகை வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மலையின் பச்சை, நனைந்த பாறையின் கருமை, சாரல் மூடிய வானம். பச்சைக்கு எதிர் சிவப்பு என்று அடர்பச்சைத் தளத்தில் சிவப்பு எழுத்து போட்டால் என்ன ஆகும்? இணையதளங்களுக்கான அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கும் தளத்துக்கும் இடையே குறைந்தது 4.5 மடங்கு ஒளி வேறுபாடு கேட்கின்றன. கணினித் திரையின் தூய சிவப்புக்கும் அடர்பச்சைக்கும் இடையே பெரும்பாலும் அதில் பாதிகூட இருப்பதில்லை. கருப்பின் மேல் மஞ்சளுக்கு 19-க்கும் மேல். அந்தி சாய்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. வெளிச்சம் மங்கும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு சீக்கிரம் கறுத்துவிடும், நீலமும் பச்சையும் அதைவிட வெளிறித் தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் புர்கின்யே என்ற செக் அறிஞர் கவனித்துச் சொன்னது இது. போதாக்குறைக்கு, ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிவதில்லை. ஆபத்துக்குச் சிவப்பு வேண்டுமானால் சிவப்பைத் தளமாக்கி, எழுத்தை வெள்ளையில் எழுதுவதே முறை.

குற்றாலத்துக் கடைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. சாரல் சீசன் மூன்று மாதம்தான், கூட்டத்தின் கண்ணைப் பிடிக்க அடிக்கும் நிறம்தான் வேண்டும் என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் ஒரு ஃபிளெக்ஸ் பலகையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆரஞ்சுத் தளத்தில் சிவப்பு எழுத்து, அதைச் சுற்றி வெள்ளைக் கரை, அதற்கு வெளியே கருப்பு நிழல். அந்தக் கரையும் நிழலும் எதற்கு? அவற்றை எடுத்துவிட்டால் எழுத்து தளத்தோடு ஒட்டிப் போகும். பார்வையைப் பிடிப்பது நிறத்தின் சூடு அல்ல, அக்கம்பக்கத்திலிருந்து அது விலகி நிற்கும் அளவு. பாரிஸின் கோபலான் நெசவுக்கூடத்தில் கருப்புச் சாயம் சோகையாக இருக்கிறதென்று புகார் எழுந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் அதை அப்படிக் காட்டுகின்றன என்று கண்டார் வேதியியலாளர் செவ்ரூல். 1839-இல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். பத்துக் கடையும் மஞ்சள் சிவப்பில் நிற்கும் வரிசையில் கருநீலத் தளத்து வெள்ளை எழுத்துதான் தனித்துத் தெரியும்.

இன்னொரு மறுப்பு கனமானது. நம்மிடம் நிறத்துக்கு அர்த்தம் இருக்கிறது. மஞ்சள் மங்கலம், கட்சிக்கு ஒரு கொடி நிறம், துக்கத்துக்கு ஒரு நிறம். வெளிர், கருமைக் கணக்கு இவற்றை மதிக்குமா? மதிக்கும். எந்த நிறம் என்பதை அர்த்தம் முடிவு செய்யட்டும், அந்த நிறத்தின் அடர்த்தியை மட்டும் கண்ணுக்கு விடுவோம். கல்யாணப் பத்திரிகையில் மஞ்சளை விடவே வேண்டாம். அதை எழுத்தாக வெள்ளைத் தாளில் போடாமல் தளமாக்கி, மேலே அடர்ந்த குங்குமச் சிவப்பில் அச்சிட்டால் மங்கலமும் நிற்கும், பாட்டியும் கண்ணாடி தேடாமல் முகூர்த்த நேரத்தைப் படிப்பார்.

நடைமுறையில் மூன்று காரியம் போதும். முதல் வரைவைச் சாம்பல் நிறத்திலேயே போட்டு முடியுங்கள். அங்கே படிக்க முடியாதது நிறம் ஏற்றினாலும் தேறாது. பிறகு ஒரு தள நிறம், ஒரு துணை நிறம், ஓர் அழுத்த நிறம் என்று மூன்றோடு நிறுத்துங்கள். கடைசியாக, மாதிரியைப் பலகை நிற்கப்போகும் இடத்துக்கே கொண்டுபோய் நண்பகலில் ஒருமுறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருமுறை பாருங்கள். குற்றாலமாக இருந்தால் சாரல் விழும்போதும் ஒருமுறை.