ரெண்டர் பட்டனை அழுத்தும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

பிளெண்டரில் நீ செய்த 3டி காட்சிகளைப் பார்த்தேன். வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி உறுத்தியது. புது லேப்டாப்பில் எல்லா மென்பொருளையும் என்விடியா கார்டிலேயே ஓட வைத்துவிட்டதாகவும், இன்டெல் கிராபிக்ஸ் எதற்கும் உதவாது என்றும் எழுதியிருக்கிறாய். அது சரியில்லை.

2006-இல் வந்த சோனி வாயோ எஸ்இசட் லேப்டாப்பில் இன்டெலுக்கும் என்விடியாவுக்கும் இடையே கிராபிக்ஸை மாற்ற ஒரு ஸ்விட்ச் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு ரீஸ்டார்ட் செய்யவேண்டும். 2010-இல் என்விடியா கொண்டுவந்த ஆப்டிமஸ் என்ற தொழில்நுட்பம் அந்தத் தொல்லையை ஒழித்தது. என்விடியாவின் தனி கார்டு படத்தை வரைந்து மெயின் மெமரிக்கு அனுப்பும். அதை எடுத்துத் திரையில் காட்டுவது இன்டெல். வேலை இல்லாத நேரத்தில் கார்டு முழுவதுமாக அணைந்துகொள்ளலாம். பிரவுசரையும் பாட்டுக் கேட்கும் மென்பொருளையும் அதன் தலையில் கட்டினால், அணைய அதற்கு நேரமே கிடைக்காது. பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று நீ வருந்துவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஹெச்டிஎம்ஐ வழியாக வெளி மானிட்டர் மாட்டியிருக்கிறாயா என்றும் பார். பல லேப்டாப்களில் அந்த போர்ட் நேராக என்விடியாவோடு இணைந்திருக்கும். மானிட்டர் ஓடும்வரை கார்டும் விழித்திருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் ஆட்டோமேட்டிக்கில் விட்டுவிடாதே. எந்த மென்பொருளுக்குத் தனி கார்டு வேண்டும் என்ற பட்டியல் ஒன்று டிரைவரில் இருக்கிறது. அதில் இல்லாத சின்ன மென்பொருள் இன்டெலுக்கே போய்விடலாம். விண்டோஸ் 10-இன் 2018 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கிராபிக்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே ஒவ்வொரு மென்பொருளுக்கும் நீயே முடிவு செய்யலாம். பிளெண்டருக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ், பிரவுசருக்கு பவர் சேவிங் என்று வை.

பிளெண்டரில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பிரிஃபரன்ஸஸில் ஆப்டிக்ஸ் அல்லது க்யூடாவைத் தேர்ந்தெடுத்தால் சைக்கிள்ஸ் என்ற இன்ஜினில் போடும் ரெண்டர் மட்டும்தான் என்விடியாவுக்குப் போகும். நீ மாடலைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் வியூபோர்ட் அந்தத் தேர்வுக்குக் கட்டுப்பட்டதல்ல. அதை எந்த கார்டு வரையும் என்பதை முடிவு செய்வது விண்டோஸும் டிரைவரும். ரெண்டர் வேகமாக முடிகிறது, வியூபோர்ட் மட்டும் திக்கித் திணறுகிறது என்றால், கார்டைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரிபார். டாஸ்க் மேனேஜரிலும் கவனம் தேவை. அங்கே முதலில் கண்ணில் படுவது 3டி வரைபடம். சைக்கிள்ஸ் மும்முரமாக ஓடும்போதும் அது படுத்தே கிடக்கலாம். அந்த வரைபடத்தின் தலைப்பைச் சொடுக்கி க்யூடா அல்லது கம்ப்யூட் என்று மாற்றினால்தான் உண்மையான உழைப்பு தெரியும்.

மக்ஸ் ஸ்விட்ச் பற்றிக் கேட்டிருந்தாய். அது திரையை நேராகத் தனி கார்டோடு இணைப்பது. படத்தை நகலெடுத்து அனுப்பும் வேலை மிச்சமாவதால் கேம் ஆடுபவர்களுக்கு நல்ல பலன் உண்டு. சைக்கிள்ஸ் ரெண்டரின் வேகம் திரையைப் பொறுத்ததல்ல. உனக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து.

சார்ஜர் இல்லாமல் ரெண்டர் போடாதே. விமானத்தில் சாதாரணமாக அனுமதிப்பது 100 வாட்-அவர் வரைதான் என்பதால் லேப்டாப் பேட்டரிகள் அநேகமாக அதற்குள்ளேயே அடங்கும். கார்டு மட்டும் 80 வாட் இழுத்தால், பிராசசரும் சேர்ந்து ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. மேலும், பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தானாகவே கார்டின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

லினக்ஸுக்கு மாறும் எண்ணம் இருந்தால் தயங்காதே. 2012-இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மேடையிலேயே என்விடியாவைத் திட்டியது, ஆப்டிமஸ் லேப்டாப் வாங்கி அல்லாடிய ஒருவரின் கேள்விக்குப் பதிலாகத்தான். இன்று நிலைமை எவ்வளவோ மேல். உபுண்டுவில் என்விடியா டிரைவரைப் போட்டு ஆன்-டிமாண்ட் முறையில் வை. பிளெண்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்தால் தனி கார்டில் திறக்கும் வழி வரும். அதன் வழியாகத் திறந்து, உன் மழைக்காட்சியை ஒருமுறை ரெண்டர் போட்டுப் பார்.

அன்புடன்,
உன் அண்ணன்