மலைப்பாதையில் பழைய பெட்ரோல் வண்டியின் காயில் சுடுதல்

நீலகிரியில் விளையும் உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோசும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி விலையாகின்றன. உதகமண்டலம் கடல் மட்டத்திற்குமேல் சுமார் 7,350 அடி. மேட்டுப்பாளையம் சுமார் 1,000 அடி. சரக்கை இறக்கிவிட்டு எருமூட்டைகளுடன் திரும்பும் வண்டிக்குக் கல்லாறு தாண்டியது முதல் குன்னூர் வரையில் ஏற்றந்தான். இக்காலத்து லாரிகளில் பெரும்பாலானவை டீசலில் ஓடுபவை. அவற்றிற்கு இக்னிஷன் காயில் என்பதே கிடையாது. ஆயினும் பழைய பெட்ரோல் ஜீப்பையும் சிறு லாரியையும் கைவிடாத மிராசுதாரர்களும் தோட்டக்காரர்களும் இன்னும் உளர். இக்கட்டுரை அவர்களுக்கு உரியது.

ஏற்றத்தில் ஒரு மணி நேரம் இழுத்தபின் இஞ்சின் இருமத் தொடங்கும், இழுவை குறையும், பின்பு நின்றுவிடும். அரைமணி கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நேராததுபோல் கிளம்பும். சிறிது தூரம் சென்றதும் மறுபடியும் அதே கதை. டிரைவர் கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவார். தேயிலைக் கொழுந்து ஏற்றிய வண்டியானால் இதற்குள் மூட்டையினுள் கொழுந்து சூடேறிச் சிவக்கத் தொடங்கும். தொழிற்சாலையில் அதற்கு நல்ல விலை கிடையாது.

மலையில் இஞ்சின் நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பது மெய்யே. உதகையில் காற்றழுத்தம் குறைவாதலால் தண்ணீர் 92, 93 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் சீக்கிரம் பொங்கும். பெட்ரோலும் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். ஆகையால் குறியைப் பிரித்தறிய வேண்டும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறது, ரேடியேட்டரில் நீர் இருக்கிறது, பிளக்கில் மட்டும் பொறி இல்லை, காயிலைத் தொட்டால் கை தாங்கவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் காயிலிடமோ அதற்கு வரும் மின்சாரத்திடமோதான்.

காயிலினுள் இரண்டு சுற்றுக் கம்பிகள் உள்ளன. தடித்த கம்பியில் பாட்டரியின் மின்சாரம் ஓடும். டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பிளாட்டின பாயிண்டு திறக்கும் கணத்தில் அது அறுபட, மெல்லிய கம்பியில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகத் தாவும். பாயிண்டு மூடியிருக்கும் நேரமெல்லாம் தடித்த கம்பி சூடாகிக்கொண்டே இருக்கும். ஆகவே, ஓடும் காயில் இளஞ்சூடாக, சற்று அதிகமாகவேகூட இருப்பது இயல்பு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கை வைக்க முடியாத சூடும், எண்ணெய்க் கசிவும், கருகிய நாற்றமுமே நோய்க்குறிகள்.

இந்நோய்க்கு ஆராய வேண்டிய முதற்காரணம் பழைய வண்டியின் வோல்ட் மாற்றமே. 1941 முதல் 1945 வரையில் யுத்தத்திற்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்புகள் 6 வோல்ட் வண்டிகள். 6 வோல்ட் பாட்டரி எளிதில் அகப்படாமையால் பலர் 12 வோல்ட் பாட்டரியை வைத்துவிடுகின்றனர். விளக்குகளை மாற்றுகின்றனர்; காயிலை மாற்ற மறக்கின்றனர். ஒன்றரை ஓம் தடையுள்ள காயிலில் 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடும். பாயிண்டு மூடியிருக்கையில் எழும் உஷ்ணம் 24 வாட். அதே காயிலில் 12 வோல்ட் பாய்ந்தால் 8 ஆம்பியர் ஓடி, உஷ்ணம் 96 வாட் ஆகும். வோல்ட் இரட்டிக்க உஷ்ணம் நான்கு மடங்காகிறது. காயில் மட்டுமன்றிப் பாயிண்டும் கருகும். இதை அறியாமல் அடிக்கடி புதுக் காயில் மாட்டுவது காயில் விற்பவருக்கே லாபம். சுமார் 3 ஓம் தடையுள்ள 12 வோல்ட் காயிலைப் பொருத்த வேண்டும். அல்லது பழைய காயிலுக்கு முன்னால் அதன் தடைக்கு ஒத்த பாலாஸ்ட் ரெஸிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

தொடக்கத்திலேயே ரெஸிஸ்டர் உள்ள வண்டிகளில் அதை ஒரு துண்டுக் கம்பியால் தாண்டவிட்டு ஓட்டும் வழக்கம் உண்டு. ஸ்டார்ட்டர் சுழலும்போது கிளம்பி, சாவியை விட்டதும் நிற்கும் இஞ்சினில் ரெஸிஸ்டர் அறுந்திருக்கக்கூடும். அவசரத்திற்குச் செய்த துண்டுக் கம்பி நிலைத்துவிடுகிறது. பாயிண்டு மூடியிருக்கச் சாவியைத் திறந்து, காயிலின் பாட்டரி முனையில் வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். ரெஸிஸ்டர் வேலை செய்தால் 6 அல்லது 7 வோல்ட் காட்டும். 12 காட்டினால் யாரோ தாண்டவிட்டிருக்கிறார்.

டைனமோ அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்தாலும் காயில் சுடும். 12 வோல்ட் வண்டியில் சுமார் பதினாலரை வோல்ட்டுக்குமேல் ஏறினால் ரெகுலேட்டரைத் திருத்த வேண்டும். பாயிண்டின் இடைவெளி குறுகினால் அது மூடியிருக்கும் நேரம் நீண்டு சூடு பெருகும். வில்லிஸ் ஜீப்புக்கு உரிய இடைவெளி ஆயிரத்தில் 20 அங்குலம். பிளக்கின் இடைவெளி ஆயிரத்தில் 30. தேய்ந்து அகன்ற பிளக்கு, தாவ முடியாத பொறியைக் காயிலுக்குள்ளேயே திருப்பி, உள்ளிருக்கும் காப்பைத் துளைத்துவிடும். புகைக்குழாயை ஒட்டிக் காயில் மாட்டப்பட்டிருந்தால் எட்டத்தில் தகட்டுச் சுவரில் மாற்றி இறுக்குக.

வழியிலே நின்றுவிட்டால் முதலில் செய்ய வேண்டியது, கைப்பிரேக்கிட்டுச் சக்கரத்திற்குக் கட்டை கொடுப்பது. அடுத்தது, சாவியை மூடுவது. இஞ்சின் நின்று பாயிண்டு மூடிய நிலையில் சாவி திறந்தே கிடந்தால் மின்சாரம் இடைவிடாமல் ஓடும். நல்ல காயிலும் அவ்வாறே கெடும். பிறகு ஈரத்துணியைக் காயிலின் உடலைச் சுற்றி வைக்கலாம், தலைப்பகுதி நனையக்கூடாது. ஆறியபின் டிஸ்ட்ரிபியூட்டரின் நடுக் கம்பியைக் கழற்றி, உலர்ந்த மரக்கட்டையால் பிடித்து, இஞ்சின் உடலுக்குக் கால் அங்குலம் எட்டத்தில் வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றுக. பெட்ரோல் சிந்திய இடத்தில் இச்சோதனை கூடாது. கம்பியை அந்தரத்தில் தொங்கவிடவும் கூடாது. சூட்டில் இல்லாத நீலப்பொறி ஆறியபின் வந்தால் காயிலின் உள்ளே பழுது இருக்கக்கூடும். அதை ஊருக்கு எடுத்துச் செல்லும் மட்டும் நம்பலாம். மறுநாள் சந்தைக்கு அனுப்பலாகாது.

புதுக் காயில் பூட்டிய பின்பும் வோல்ட்மீட்டரை ஒருமுறை வைத்துப் பார்த்தே வண்டியைக் கல்லாற்றுக்கு இறக்குக.