தோள்பட்டைக்கும் பூட்டு விழும்!

திண்டுக்கல் என்றாலே பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் நாளெல்லாம் அரத்தால் ராவி அதைச் செய்பவரின் தோள்பட்டையை யார் நினைக்கிறோம்? "கையத் தூக்க முடியல தம்பி" என்று நாகல்நகர்ப் பட்டறைப் பெரியவர் ஒருவர் சொன்ன பிறகுதான் நான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். உருப்படிக் கணக்கில் கூலி வாங்குபவருக்குத் தோள் நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

தோள் ஒரு பந்துக்கிண்ண மூட்டு. இடுப்பில் கிண்ணம் ஆழம். தோளிலோ வெறும் சாஸர்தான். அதனால் கை எல்லாப் பக்கமும் சுழலும். பந்து நழுவாமல் பிடித்திருப்பவை முக்கியமாக நான்கு சிறு தசைகளும் அவற்றின் நாண்களும்.

வலியைக் கண்டுபிடிப்பது எப்படி? பிசியோதெரபிஸ்ட் முதலில் நம்மையே கையைத் தூக்கச் சொல்வார். பிறகு அவரே தூக்கிப் பார்ப்பார். நம்மால் முடியாமல் அவர் தூக்கும்போது முழுசாகப் போனால், தசைநாண் கிழிசலாக இருக்கலாம். 60 முதல் 120 டிகிரிக்குள் மட்டும் சுரீர் என்றால், நாண் எலும்புக்கடியில் உரசுகிறது என்று சந்தேகிப்பார். இருவர் தூக்கியும் நகரவில்லை, முழங்கையை விலாவோடு ஒட்டி முன்கையை வெளிப்பக்கம் திருப்பவும் முடியவில்லை என்றால், அதுதான் 'உறைந்த தோள்'. மூட்டைச் சுற்றிய உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம். அதனால் ரத்தச் சர்க்கரையும் பார்க்க வேண்டும். வலி, இறுக்கம், தளர்வு என மூன்று கட்டமாக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட இழுக்கும்.

விரல்வரை மரத்துப்போனால் கோளாறு கழுத்தில் இருக்கலாம். நெஞ்சு இறுக்கம், வியர்வையோடு தோள் வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள்; உடனே ஆஸ்பத்திரி!

சிகிச்சை? பலரும் கையை அசைக்காமலே வைத்துக்கொள்கிறார்கள். அது இறுக்கத்தைக் கூட்டும். இளஞ்சூட்டு ஒத்தடத்துக்குப் பின் ஊசல் பயிற்சி: நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைக் கிணற்று வாளி மாதிரி தொங்கவிட்டு மெதுவாக ஆட்டுவது. 1934-ல் தோள் பற்றிய நூலை வெளியிட்ட அமெரிக்க மருத்துவர் காட்மன் பெயரால் இது வழங்குகிறது. அடுத்து, சுவரில் விரல்களால் 'ஏறுவது'. வலியைத் தாண்டி முறுக்கக் கூடாது. அடிபட்டு வந்த வலிக்கு, பரிசோதிக்காமல் எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

வருமுன் காக்க நம் அப்ளைடு மெக்கானிக்ஸ் போதும். 5 கிலோவைத் தோளிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால் திருப்புவிசை 300, 30 செ.மீ.யில் 150 தான். சுமையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கும் இதே கணக்குதான். வைஸின் வாய் முழங்கை உயரத்தில் இருக்கட்டும் என்று பிட்டிங் ஷாப்பில் சொல்லித் தருவது வேலை நேர்த்திக்கு மட்டுமல்ல, தோளுக்கும்தான்.

நாளை நம்மில் சிலர் பட்டறை நடத்தலாம். மேஜை உயரத்தை முதலில் அளக்கும் முதலாளியாக இருப்போம்!