தொழில்நுட்பத் துறையில் வேலை தேடும் பிள்ளைகள் தனித்துத் தெரிவது எப்படி?



மலர்க்குழுவினர் இவ்வாண்டு கட்டுரை கேட்டபோது, பிள்ளைகளின் வேலையைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். பூசை முடிந்து மண்டபத்தில் நிற்கும் வேளையில் பெற்றோர் என்னைத் தனியே அழைத்துப் பேசுவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். “சார், பையன் கம்ப்யூட்டர் படித்து முடித்து எட்டு மாதமாகிறது. எத்தனையோ விண்ணப்பம் போட்டுவிட்டான். ஒருவரும் கூப்பிடவில்லை” என்பர். பிள்ளை சோம்பேறியும் அல்லன், மதிப்பெண்ணும் குறைவில்லை. பின் ஏன் கூப்பிடவில்லை? நான் கணினி நிபுணன் அல்லேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழும் கணிதமும் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் ஒரு பழைய மாணவன் வேலை தேடியபோது அருகிலிருந்து, முதலில் அவனுக்குத் தவறான வழியைக் காட்டி, பிறகு அவனோடு சேர்ந்து நானும் சிலவற்றைக் கற்றுக்கொண்டேன். அவற்றையே இங்குக் கூறுகிறேன்.

அக்காளுக்கு நடந்த தேர்வு

நம் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் 1972-இல் தொடங்கியது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையை இங்கு அமைத்தது. அக்காலத்தில் வந்த மற்ற பெரிய நிறுவனங்களையும் மூத்தோர் அறிவர். என் அக்காள் 1974-இல் அங்கு ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். தலைமுடியைவிட மெல்லிய கம்பியை நுண்ணோக்கியின் கீழ் வைத்துச் சில்லோடு இணைக்கும் வேலை. அவர் விண்ணப்பக் கடிதம் எழுதியதாக எனக்கு நினைவில்லை. கண் பார்வையைச் சோதித்தார்கள்; விரல் நடுங்குகிறதா என்று பார்த்தார்கள். அடுத்த வாரம் தொழிற்சாலைப் பேருந்து வந்து அவரை ஏற்றிச் சென்றது.

அவரால் என்ன செய்ய முடியும் என்பதை அவர்கள் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். இன்றைய பிள்ளைக்கு அந்த வாய்ப்பு முதலில் கிடைப்பதில்லை. அவனுக்கு முன்பாக அவனுடைய தாள் போகிறது. அதைப் போன்ற பல தாள்களுக்கு நடுவில் அது கிடக்கிறது.

நான் செய்த தவறு

நான் சொல்லும் மாணவன் செபராங் பிறையில் ஒரு லாரி ஓட்டுநரின் மகன். தமிழ்ப்பள்ளியில் என்னிடம் படித்தவன். பிறகு பாலிடெக்னிக்கில் டிப்ளோமாவும், அதன்பின் கணினியியல் பட்டமும் பெற்றான். எட்டு மாதங்களில் 140 விண்ணப்பங்கள் அனுப்பியிருந்தான். மூன்றுக்குப் பதில் வந்தது, மூன்றிலும் ‘வருந்துகிறோம்’. ஒரு மாலை ஆலய அலுவலகத்துக்கு ஒரு கோப்போடு வந்தான். உள்ளே ஏழு சான்றிதழ்கள். மூவாயிரம் ரிங்கிட்டில் இன்னொரு சான்றிதழ் வகுப்பு இருக்கிறது, அப்பாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சேரட்டுமா சார் என்று கேட்டான்.

அவனுடைய தன்விவரக் குறிப்பை வாங்கிப் பார்த்தேன். எனக்குத் தலைகுனிவாகிவிட்டது. ஆறு மாதங்களுக்கு முன் அதைத் திருத்திக் கொடுத்தவன் நானேதான். ‘கடின உழைப்பாளி, குழுவாக இயங்கும் திறன் கொண்டவன், கற்பதில் பேரார்வம் உடையவன்’ என்பன என் வாக்கியங்கள். தந்தையின் தொழில், சமயம், அடையாள அட்டை எண், பள்ளி ஓட்டப் பந்தயத்தில் பெற்ற மூன்றாம் பரிசு என எதையும் நான் விட்டுவைக்கவில்லை. வகுப்பறையில் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்ட விண்ணப்ப மாதிரியைத்தான் அவனுக்கும் எழுதிக் கொடுத்திருந்தேன். எழுத்தர் வேலைக்கு ஒரு காலத்தில் அது போதுமானதாக இருந்தது.

அன்றிரவே, ஒரு தொழிற்சாலையில் பிரிவு மேலாளராக இருக்கும் இன்னொரு பழைய மாணவரைத் தொலைபேசியில் அழைத்துக் குறிப்பை அனுப்பிவைத்தேன். அவர் சிரித்துவிட்டார். “சார், உழைப்பாளி என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். சோம்பேறி என்று எழுதியவரை நான் பார்த்ததில்லை. இந்தத் தம்பி இதுவரை என்ன செய்திருக்கிறார்? அதைத்தான் தேடுகிறேன், கிடைக்கவில்லை” என்றார். ஏழு சான்றிதழ்களைப் பற்றிக் கேட்டேன். விளம்பரத்தில் குறிப்பிட்டுக் கேட்டிருந்தால் அந்த ஒன்று உதவும், சிஸ்கோ போன்ற வலையமைப்புச் சான்றிதழ்கள் அத்தகையவை. மற்றபடி ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஏழைப் பார்த்தால், இவருக்கு எந்த வேலை வேண்டுமென்று இவருக்கே தெரியவில்லை போலும் என்றுதான் தோன்றும் என்றார்.

மாமியார் லெட்சுமியும் மருமகள் லெட்சுமியும்

மறுநாள் அவனை உட்கார வைத்து, “நீ இதுவரை என்ன செய்திருக்கிறாய்?” என்று கேட்டேன். கல்லூரியில் எல்லாரும் செய்த அதே பயிற்சிகளைச் சொன்னான். அவ்வேளையில் மேசைமீது அன்னதான உபயக்காரர்களின் பதிவேடுகள் குவிந்து கிடந்தன. ஒன்பது ஆண்டுப் பெயர்கள், வெவ்வேறு தொண்டர்கள் ரோமன் எழுத்தில் எழுதியவை. லெட்சுமி என்ற ஒரே பெயரை நான்கு விதமாக எழுதியிருந்தார்கள். தந்தை பெயரைச் சிலர் முழுதாக எழுதினர், சிலர் முதலெழுத்தோடு நிறுத்தினர். இதனால் திருவிழா அழைப்பிதழ் ஒரு வீட்டுக்கு மூன்று போகும், வேறொரு வீட்டுக்குப் போகவே போகாது. நான் அலுத்துக்கொண்டதைக் கேட்டுவிட்டு, “கொடுங்கள் சார், பார்க்கிறேன்” என்று எடுத்துச் சென்றான்.

பதினொரு வாரங்கள் அதில் உழைத்தான். பெயர்களை ஒலிக்கேற்பச் சுருக்கி, தொலைபேசி எண்ணையும் முகவரியையும் சேர்த்து ஒப்பிடும் ஒரு செயலியைப் பைத்தான் மொழியில் எழுதினான். முதல் முறை ஓட்டியபோது, ஒரே வீட்டில் வாழும் மாமியார் லெட்சுமியும் மருமகள் லெட்சுமியும் ஒருவராகிவிட்டார்கள்! மருமகளின் உபயம் கணக்கிலிருந்தே மறைந்தது. அந்த அம்மையார் செயலவையில் வந்து கேட்ட கேள்விகளை இங்கு எழுத முடியாது. அதற்குப்பின் அவன் விதியை மாற்றினான். உறுதியாக ஒருவரே என்று தெரிந்தால் மட்டும் இணைப்பது. ஐயம் வந்தால் இணைக்காமல் தனிப்பட்டியலில் வைத்து, பார்த்து முடிவு செய்யும்படி ஒரு மனிதரிடம் விட்டுவிடுவது. இரண்டு அழைப்பிதழ் போனால் அஞ்சல் செலவுதான் வீண். கொடுத்தவரின் பெயர் விடுபட்டால் அது மனவருத்தம். இவை இரண்டும் ஒரே எடையுள்ள தவறுகள் அல்ல என்பதை அவன் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை.

பிறகு அந்த நிரலை கிட்ஹப் தளத்தில் வைத்தான். 2008-இல் தொடங்கி, 2018-இல் மைக்ரோசாப்ட் வாங்கிய தளம் இது. நிரலாளர்கள் தம் வேலையைப் பிறர் பார்க்கும்படி வைக்கும் இடம். எந்த நாளில் எந்த வரி மாறியது என்பதும் அங்குப் பதிவாகிறது. உபயக்காரர்களின் உண்மைப் பெயர்களையும் எண்களையும் நீக்கிவிட்டு, கற்பனைப் பெயர்களை இட்டான். இதைப் பிள்ளைகள் மறக்கலாகாது. பிறருடைய விவரங்களைப் பொதுவில் போட்டவரை எந்த நிறுவனமும் நம்பாது. நிரலோடு ஒரு பக்கக் குறிப்பும் எழுதினான்: என்ன சிக்கல், முதலில் என்ன செய்தேன், அது எப்படித் தவறியது, பிறகு என்ன மாற்றினேன், இன்னும் எது சரியாகவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் நான் திருத்தினேன். இம்முறை பெயரடைகளை நீக்குவதே என் வேலையாக இருந்தது.

நேர்முகத் தேர்வில் நடந்தது

140 விண்ணப்பம் அனுப்பியவன் அடுத்த இரண்டு மாதங்களில் அனுப்பியவை ஒன்பதுதான். ஒவ்வொன்றுக்கும் முன் விளம்பரத்தை வரிவரியாகப் படித்து, அவர்கள் கேட்பதில் தன்னிடம் உள்ளது எது என்று பார்த்து, அதைக் குறிப்பின் மேற்பகுதிக்குக் கொண்டுவந்தான். நான்கு இடங்களில் அழைத்தார்கள்.

அவற்றுள் ஒன்று சில்லுகளைச் சோதிக்கும் நிறுவனம். முக்கால் மணி நேர நேர்முகத்தில் பாதிக்கு மேல் மாமியார் மருமகள் கதையிலேயே போயிற்று என்றான். எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன் சொன்னபிறகு விளங்கியது. சில்லுச் சோதனையிலும் இரண்டு வகைத் தவறுகள் உண்டாம். நல்ல சில்லைக் கெட்டதென்று ஒதுக்கினால் நிறுவனத்துக்குப் பண நட்டம். கெட்ட சில்லை நல்லதென்று அனுப்பினால், அது ஒருவருடைய காருக்குள் போய் அமர்ந்துவிடும். எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் அங்கு அன்றாடக் கேள்வி. அந்தக் கேள்வியை அன்னதானப் பதிவேட்டில் சந்தித்துவிட்டு வந்த பட்டதாரி ஒருவனை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஒரு கேள்விக்கு, “எனக்குத் தெரியாது, ஆனால் இப்படித் தேடிப் பார்ப்பேன்” என்று சொன்னானாம். என் வகுப்பில் அவன் அப்படிச் சொல்லியிருந்தால் நான் அன்று என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பெற்றோர் அறிய வேண்டிய சில

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் தன்விவரக் குறிப்பு முதலில் ஒரு கணினிச் செயலிக்குள்தான் போகிறது. பெட்டிகளும் இரண்டு பத்திகளும் படங்களும் நிறைந்த அலங்காரக் குறிப்பை அச்செயலி தவறாகப் படிக்கக்கூடும். எளிய எழுத்தில் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு, போதும். அடையாள அட்டை எண், சமயம், தந்தையின் தொழில் ஆகியவை வேண்டா. அடையாள அட்டை எண்ணைக் கண்ட இடத்தில் கொடுப்பது மோசடிக்காரர்களுக்கு வழி திறந்து வைப்பதாகும்.

படிப்பின் ஒரு பகுதியாக வரும் தொழிற்பயிற்சியைப் பல பிள்ளைகள் வருகைப் பதிவுக்காகவே முடிக்கிறார்கள். வேலைக்கு மிக அகலமான வாசல் அதுதான் என்பது என் கருத்து. அந்தச் சில மாதங்களில் சிறியதாக ஒன்றையேனும் தன் கையால் முடித்து, அது இப்போது பயன்படுகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வட்டாரத் தொழிற்சாலைகளும் கல்விக்கூடங்களும் அரசும் சேர்ந்து நடத்தும் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் 1989 முதல் இயங்குகிறது. தீவில் உள்ள பிள்ளைகளிலேயே சிலர் அதன் பெயரைக் கேட்டதில்லை.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் ஒரு புதிய நிலைமை ஏற்பட்டுள்ளது. அழகான விண்ணப்பக் கடிதம் எவருக்கும் ஒரு நிமிடத்தில் கிடைக்கிறது, நிரலும் கிடைக்கிறது. ஆகவே நடை அழகை வைத்து இனி எவரும் தனித்துத் தெரிய முடியாது. நான் கற்பித்த கலைக்கு அதோடு விலை போயிற்று. அக்கருவியைத் தொடாதே என்று நான் சொல்லவில்லை. என் மாணவனும் அதைப் பயன்படுத்தினான். ஆனால் ‘இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் அவனால் சொல்ல முடிந்தது. பதில் சொல்ல முடியாத வரியைக் காட்சிக்கு வைப்பதைவிட வைக்காமலிருப்பது மேல்.

செய்வதற்குத் தகுந்த வேலையைத் தேடி வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை. தமிழைக் கணினியில் ஏற்ற உழைத்தவர்களுள் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி ஆசிரியராகவும் சிறுகதை எழுத்தாளராகவும் இருந்தவர். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு செயலியை உருவாக்கத் தொடங்கினார். தம் மொழிக்கு எது இல்லையோ, அதைத்தான் அவர்கள் செய்யத் தொடங்கினார்கள். மளிகைக்கடைக் கடன் கணக்கு, பள்ளிப் பேருந்துக்காரரின் மாதக் கட்டணம், தோட்டத்துப் பந்துக் குழுவின் ஆட்ட அட்டவணை என நம்மைச் சுற்றிக் கிடக்கும் சிக்கல்கள் கொஞ்சமா?

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ‘மெண்டரின் தெரிந்திருக்க வேண்டும்’ என்ற வரி, தேவையிருக்கும் வேலையிலும் தேவையில்லாத வேலையிலும் சேர்ந்தே வருகிறது. பெயரைப் பார்த்தவுடன் தாளைத் தள்ளி வைப்பவர்களும் உண்டு. பிள்ளைகள் இதைச் சொல்லும்போது, ‘நீ ஒழுங்காக முயலவில்லை’ என்று பெற்றோர் அடக்குவது சரியன்று. அது உண்மையான தடை. ஒன்பதில் ஐந்து இடங்கள் என் மாணவனை அழைக்கவே இல்லை. காரணம் என்னவென்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அவன் சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடக்கிறது. அந்த மூவாயிரம் ரிங்கிட் வகுப்பில் அவன் சேரவில்லை. அக்காளிடம் அவனை அழைத்துச் சென்று, “உங்கள் பழைய பேருந்து போன வழியில்தான் இவனும் வேலைக்குப் போகிறான்” என்றேன். “கண்ணைச் சோதித்தார்களா?” என்று அவர் கேட்டார்.

செயலியில் இன்னும் ஒரு கோளாறு மீதமிருக்கிறது. இரண்டு கைப்பேசி வைத்திருக்கும் ஓர் அம்மையாருக்கு இவ்வாண்டும் இரண்டு அழைப்பிதழ் போய்விட்டது. அடுத்த ஞாயிறு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.